சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம்? ஸ்கிரிப்ட் மூலம் டிஸ்க் கொள்ளளவைப் பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மண்டகப்படிகளில் எழுந்தருளும்போது எடுக்கும் படங்களை அன்றிரவே இணையத்தில் ஏற்றி மண்டகப்படிதாரர்களுக்குக் கொடுத்துவிடுவதாக, மேலமாசி வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். படம் ஏற்றும் தளத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். எதிர்சேவை அன்று இரவு பதினொரு மணிக்கு அவர் அழைத்தார். "தம்பி, படமெல்லாம் ஏறிருச்சுன்னு காட்டுது, தொறந்து பாத்தா ஒண்ணத்தையும் காணோமேப்பா!" உள்ளே நுழைந்து பார்த்தேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அளவும் 0 பைட். நிர்வாகப் பக்கத்தில் நானே எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டோ, 412 ஜிபி காலியாக இருக்கிறது என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் வாங்கியிருந்த திட்டம் மொத்தமே 20 ஜிபி. மற்ற வாடிக்கையாளர்களும் சேர்ந்து குடியிருக்கும் பெரிய சர்வரின் காலி இடத்தை ஸ்கிரிப்ட் சொல்லியிருக்கிறது. எங்கள் பங்கு எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. அதன் பிறகு தனி சர்வருக்கு மாறியபோதும் வேறு வகையில் மறுபடி ஏமாந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். உதாரணங்கள் பிஎச்பி மொழியை ஒட்டியவை. கட்டளைகளின் பெயர்களை உச்சரிக்கும்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

1. முதலில் காகிதங்களைத் தேடி எடுங்கள்

ஒரு வரி எழுதுவதற்கு முன்பே சில தகவல்கள் கையில் இருக்க வேண்டும். ஹோஸ்டிங் வாங்கியபோது வந்த திட்டக் கடிதம் அல்லது ரசீது, கட்டுப்பாட்டுப் பலகையின் பயனர் பெயர், திட்டத்தில் எத்தனை ஜிபி, எத்தனை கோப்புகள் வரை அனுமதி, புதுப்பிக்கும் தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பு எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதே பலருக்குத் தெரியாது; அது விளம்பரப் பக்கத்தில் இராது, விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தக் கணக்கு எந்தக் கைபேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பது. எங்கள் கணக்கு, இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒரு பையனின் எண்ணில் இருந்தது. ஓடிபி அவனுக்குப் போகிறது, அவனோ வெளியூரில் இருக்கிறான். எண்ணை மாற்றுவதற்குக் கடையின் லெட்டர்பேடில் கையெழுத்திட்ட கடிதம், ஜிஎஸ்டி சான்றிதழ், உரிமையாளரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றைக் கேட்டார்கள். அனுப்பிய பிறகு இரண்டு வேலை நாள் காத்திருந்தோம். திருவிழாவோ முகூர்த்த நாளோ நெருங்கும்போது இதைத் தொடங்கினால் முடிகிற காரியமல்ல. ஆகவே இன்றைக்கே பாருங்கள்.

2. ஒரு வரியில் அளந்து பாருங்கள்

பிஎச்பியில் இதற்கு இரண்டு செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) உண்டு. டிஸ்க், ஃப்ரீ, ஸ்பேஸ் என்ற மூன்று சொற்களை அடிக்கோட்டால் இணைத்தால் காலி இடம் கிடைக்கும். நடுச்சொல்லை டோட்டல் என்று மாற்றினால் மொத்த இடம் கிடைக்கும். அடைப்புக்குறிக்குள் ஒரு ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். விடை பைட் கணக்கில், தசம எண் வகையில் வரும். 1024 ஆல் மூன்று முறை வகுத்தால் நமக்குப் பழகிய ஜிபி ஆகிவிடும்.

வகுப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். அளக்க முடியாதபோது இந்தச் செயற்கூறு எண்ணைத் தராது, ஃபால்ஸ் என்ற மதிப்பைத் தரும். அதை அப்படியே வகுத்தால் 0 ஜிபி என்று திரையில் விழும், டிஸ்க் நிறைந்துவிட்டதென்று நீங்கள் பதறுவீர்கள். மூன்று சமக்குறிகளை இட்டு ஃபால்ஸ்தானா என்று ஒப்பிட்டு, அப்படியானால் "அளக்க முடியவில்லை" என்று தனிச் செய்தி வரும்படி எழுதுங்கள். பாதையில் எழுத்துப்பிழை, அல்லது ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டர்களைத் தொடலாம் என்று வரையறுக்கும் ஓப்பன் பேஸ்டிர் என்ற கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள ஃபோல்டர், இவ்விரண்டுமே ஃபால்ஸ் வருவதற்கு வழக்கமான காரணங்கள்.

சில ஹோஸ்டிங் நிறுவனங்கள் இந்தச் செயற்கூறையே முடக்கி வைத்திருக்கும். பிஎச்பி 8 முதல், முடக்கப்பட்ட செயற்கூறை அழைத்தால் அப்படியொன்று இல்லவே இல்லை என்று ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். ஃபங்ஷன் எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு முதலில் கேட்டுவிட்டு அழைப்பதே பாதுகாப்பு.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு ஷட்டில் தொகுப்பிலுள்ள டிஸ்க் யூசேஜ் மொத்தம், பயன்பட்டது, காலி என்ற மூன்றையும் ஒன்றாகத் தருகிறது. நோட் ஜேஎஸ்ஸில் 18.15 பதிப்பு முதல் ஸ்டாட் எஃப்எஸ் இருக்கிறது. கீழே வரும் பொறிகள் எல்லா மொழிக்கும் பொது, ஏனென்றால் இவை எல்லாம் கடைசியில் இயங்குதளத்தின் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன.

3. அந்த எண் யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

நான் விழுந்த பள்ளம் இது. பலர் பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங்கில், உங்கள் ஃபோல்டரும் நூறு பேருடைய ஃபோல்டர்களும் ஒரே பார்ட்டிஷனில், அதாவது டிஸ்கின் ஒரே பகுதியில் இருக்கும். ஸ்கிரிப்ட் அந்தப் பார்ட்டிஷனின் காலி இடத்தைச் சொல்கிறது. உங்களுக்கென ஒதுக்கிய கோட்டா அந்தக் கணக்கில் வராது. கோட்டா தீர்ந்த பிறகு கோப்பின் பெயர் மட்டும் பதிவாகி உள்ளடக்கம் எழுதப்படாமல் போகலாம். எங்கள் 0 பைட் கோப்புகள் அப்படிப் பிறந்தவை.

பரிசோதனை எளிது. கட்டுப்பாட்டுப் பலகையில் "டிஸ்க் யூசேஜ்" என்று காட்டும் மொத்தத்தையும் உங்கள் ஸ்கிரிப்ட் சொல்லும் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 20 ஜிபி வாங்கியிருக்க ஸ்கிரிப்ட் ஒரு டிபி என்று சொன்னால், அந்த எண்ணால் உங்களுக்குப் பயனில்லை.

அப்போது இரண்டு வழிகள் உள்ளன. சிபேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகைகள் கோட்டா விவரத்தை ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்கும் வழி) மூலம் தருகின்றன. நிறுவனம் அதைத் திறந்து வைத்திருந்தால் அதுவே சரியான வழி. பயன்பட்ட எம்பி, வரம்பு, கோப்பு எண்ணிக்கை எல்லாம் அதில் வந்துவிடும். அதற்குக் கடவுச்சொல் போன்ற ஒரு டோக்கன் உருவாக்க வேண்டியிருக்கும். அதை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவிடாமல், இணையத்திலிருந்து யாரும் திறக்க முடியாத ஃபோல்டரில் தனிக் கோப்பாக வையுங்கள்.

ஏபிஐ இல்லையென்றால் நீங்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடையில் பேரேடு எழுதுவது போல, ஒவ்வொரு படம் ஏறும்போதும் அதன் அளவை டேட்டாபேஸில் கூட்டுங்கள், நீக்கும்போது கழியுங்கள். நாளடைவில் கணக்கு சற்று விலகும் என்பதால், இரவு இரண்டு மணிக்கு எல்லா ஃபோல்டர்களையும் ஒருமுறை நடந்து உண்மையான கூட்டுத்தொகையை எடுத்துத் திருத்தும் ஸ்கிரிப்ட் ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் இந்த நடையைச் செய்யாதீர்கள். பார்ட்டிஷனிடம் கேட்பது கண் இமைக்கும் நேரம், லட்சம் கோப்புகளை எண்ணுவதோ நிமிடக் கணக்கு.

கூட்டும்போது கோப்பின் அளவை அப்படியே எடுத்தால் விடை குறைவாக வரும். டிஸ்கில் இடம் பெரும்பாலும் 4 கேபி துண்டுகளாகவே ஒதுக்கப்படுகிறது. ஒரே ஒரு எழுத்துள்ள கோப்பும் ஒரு துண்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பிஎச்பியின் ஸ்டாட் தரும் விவரங்களில் பிளாக்ஸ் என்றொரு எண் உண்டு. லினக்ஸில் அதை 512 ஆல் பெருக்கினால் டிஸ்கில் உண்மையில் பிடித்த இடம் கிடைக்கும்.

கோட்டாவில் படங்கள் மட்டும் அடங்குவதில்லை. அஞ்சல் பெட்டிகளும் பல இடங்களில் டேட்டாபேஸும் அதே 20 ஜிபிக்குள்தான். சிபேனலின் கோப்பு மேலாளரில் அழித்தவை குப்பை ஃபோல்டருக்குப் போய் அங்கே உட்கார்ந்திருக்கும். அன்றிரவு எங்களைக் காப்பாற்றியது அந்தக் குப்பைதான்: போன வருடப் படங்கள் மூன்று ஜிபி அதற்குள் கிடந்தன. காலி செய்துவிட்டு, நின்றுபோன படங்களை மறுபடி ஏற்றி முடிக்க விடியற்காலை ஆகிவிட்டது.

4. எந்தப் பார்ட்டிஷனைக் கேட்கிறீர்கள்?

தனி சர்வர் வாங்கியவர்கள் மூன்றாம் படியின் தொல்லையிலிருந்து தப்பித்தாலும் இங்கே மாட்டிக்கொள்வார்கள். ஒரே சர்வரில் படங்கள் ஒரு டிஸ்கிலும், டேட்டாபேஸ் வேறு டிஸ்கிலும், தற்காலிகக் கோப்புகள் நினைவகத்திலிருந்து பிரித்தெடுத்த சிறு பகுதியிலும் இருக்கக்கூடும். எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே உள்ள வேர் ஃபோல்டரை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. டிஎஃப் கட்டளையை இடைவெளி விட்டு சிறுகோடு, எச் சேர்த்து ஓட்டினால் பட்டியல் முழுவதும் வரும். அதிலிருந்து நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு பார்ட்டிஷனையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்கும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள்.

பிஎச்பியில் ஏற்றப்படும் படம் முதலில் தற்காலிக ஃபோல்டரில் விழுந்து, பிறகே உரிய இடத்துக்கு நகர்கிறது என்பதை மறக்கக்கூடாது. இரண்டும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால் நகர்த்துவது வெறும் பெயர் மாற்றம். வேறு வேறாக இருந்தால் முழு நகல் எடுக்கப்படும். ஆகவே இரண்டிலும் இடம் வேண்டும். படங்கள் ஃபோல்டரில் 60 ஜிபி காலியாக இருந்தும் ஏற்றம் தோற்று, பிழை எண் 7 வந்தால் தற்காலிக ஃபோல்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாம் முறை நான் ஏமாந்தது பேக்கப் டிஸ்கில். அது தனியாக இணைக்கப்பட்ட டிஸ்க். சர்வர் ஒருநாள் தானே அணைந்து மீண்டும் எழுந்தபோது அந்த டிஸ்க் இணையவில்லை. ஃபோல்டர் மட்டும் வெற்றுப் பாத்திரமாக அதே பெயரில் இருந்தது. ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரை அளந்தது. கிடைத்ததோ வேர் டிஸ்கின் காலி இடம். பார்க்க நல்ல எண்ணாக இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பேக்கப் ஆறு நாள் வேர் டிஸ்கிலேயே விழுந்து, ஏழாம் நாள் சர்வரே நின்றது. அளப்பதற்கு முன் மவுண்ட்பாயிண்ட் என்ற கட்டளையால் டிஸ்க் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். கட்டளை ஓட்ட அனுமதி இல்லையென்றால், மொத்த இடத்தின் அளவை ஒப்பிடுங்கள்: 500 ஜிபி டிஸ்க் திடீரென்று 80 ஜிபி என்று சொன்னால் அது அந்த டிஸ்க் அல்ல.

5. விழுக்காட்டுக் கணக்கில் ஐந்து எங்கே போனது?

நூறு ஜிபி டிஸ்கில் 76 ஜிபி பயன்பட்டிருக்கிறது, ஸ்கிரிப்ட் 19 ஜிபி காலி என்கிறது. மீதி 5 ஜிபி திருடு போகவில்லை. இஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பு உள்ள டிஸ்கில் 5 விழுக்காடு ரூட் என்ற தலைமைப் பயனருக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது இயல்பு அமைப்பு. மொத்த இடத்தைக் கேட்கும்போது அந்த ஐந்தும் சேர்ந்து வரும்; காலி இடத்தைக் கேட்கும்போது சேராது. எனவே மொத்தத்திலிருந்து காலியைக் கழித்தால் 81 விழுக்காடு நிறைந்ததாக உங்கள் பக்கம் காட்டும், டிஎஃப் கட்டளையோ 80 என்று சொல்லும். இரண்டும் அவரவர் கணக்கில் சரியே. எச்சரிக்கைக்குக் காலி இடத்தின் எண்ணை மட்டும் நம்புங்கள், அதுதான் இணையப் பயனரால் எழுதக்கூடிய இடம். இதனாலேயே ரூட்டாக நுழைந்து ஒரு கோப்பை எழுதிப் பார்த்துவிட்டு "எனக்கு எழுதுகிறதே" என்று சொல்வது சோதனையாகாது.

அலகும் குழப்பும். 1024 கணக்கில் 20 ஜிபி என்பது 2,147 கோடி பைட்டுக்கு மேல். 1000 கணக்கில் சரியாக 2,000 கோடி பைட். உங்கள் நிறுவனம் எந்தக் கணக்கில் விற்கிறது என்று கேட்டுவிட்டு, ஸ்கிரிப்ட் முழுவதும் பைட்டிலேயே ஒப்பிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் வகுங்கள்.

அழித்தும் இடம் கூடவில்லையா? ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஏதோ ஒன்று அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் நடப்பதைப் பதிவு செய்யும் லாக் கோப்பாக இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையுடன் கூட்டல்குறி, பெரிய எல், ஒன்று ஆகியவற்றை ஒட்டி எழுதிச் சேர்த்தால் எந்த நிரல் என்று காட்டும். அதை மறுதொடக்கம் செய்தவுடன் இடம் திரும்பிவிடும்.

6. இடம் இருந்தும் "இடம் இல்லை" என்றால் இனோடைப் பாருங்கள்

ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்கில் ஒரு இனோடு, அதாவது அந்தக் கோப்பின் விவரத்தைக் குறிக்கும் பதிவு வேண்டும். இஎக்ஸ்டி4 டிஸ்கில் அவற்றின் எண்ணிக்கை டிஸ்கை முதலில் வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். தீர்ந்துபோனால் பாதி டிஸ்க் காலியாக இருந்தாலும் புதிய கோப்பு பிறக்காது, வருவதும் அதே பிழைச் செய்திதான். டிஎஃப்புடன் சிறுகோடு, ஐ சேர்த்தால் விவரம் தெரியும். பிஎச்பியில் இதற்கென்று செயற்கூறு இல்லை. பைத்தானில் ஓஎஸ் தொகுப்பின் ஸ்டாட்விஎஃப்எஸ் தருகிறது.

எங்கள் தளத்தில் ஒரு படத்துக்கு நான்கு சிறு நகல்கள் உருவாகும். ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்றால் 10,000 கோப்புகள். அதைவிட அமைதியாகத் தின்பது, தளத்துக்கு வருபவரை நினைவில் வைக்கப் பிஎச்பி எழுதும் செஷன் கோப்புகள். லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பழைய செஷன்களைப் பிஎச்பி தானாகத் துடைப்பதில்லை, அதற்கென்று குறித்த நேரத்தில் தானாக ஓடும் தனி நேரப்பணி இருக்கிறது. அது அமைப்புக் கோப்பில் எழுதிய ஃபோல்டரை மட்டுமே துடைக்கும். நீங்கள் ஸ்கிரிப்டுக்குள்ளேயே செஷன் ஃபோல்டரை மாற்றியிருந்தால் துடைப்பவர் எவரும் இல்லை என்று பொருள்.

7. எச்சரிக்கை எப்போது, எந்த வழியாக?

அளக்கும் ஸ்கிரிப்டை இணையப் பக்கமாக வைக்காமல், க்ரான் என்ற நேரப்பணிக் கருவி மூலம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள். க்ரானில் கட்டளைகளின் முழுப் பாதையை எழுதுங்கள். கையால் ஓட்டும்போது ஓடியது க்ரானில் ஓடாததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

விழுக்காட்டை மட்டும் எல்லையாக வைப்பது போதாது என்பது என் அனுபவம். சாதாரண நாளில் எங்களுக்கு ஒரு ஜிபி ஏறும். திருவிழா நாளில் நான்கு பேர் ஆளுக்கு 500 படம் எடுத்து, படம் 8 எம்பி என்றால் ஒரே நாளில் 16 ஜிபி. தினமும் அளவைக் குறித்து வைத்து, போன வாரத்தில் மிக அதிகமாக ஏறிய நாளின் அளவால் காலி இடத்தை வகுத்தால் "இன்னும் எத்தனை நாள்" என்று வரும். மூன்று நாளுக்குக் கீழே போனால் எனக்குச் செய்தி வருகிறது. ஸ்டூடியோ அண்ணனுக்கும் விழுக்காட்டைவிட இந்தக் கணக்கு உடனே புரிகிறது.

சர்வரிலிருந்தே அஞ்சல் அனுப்பும் வழியை நம்ப வேண்டாம். அஞ்சல் வரிசையும் அதே டிஸ்கில்தான் எழுதப்படுகிறது. டிஸ்க் நிறைந்த பிறகு "நிறைந்துவிட்டது" என்ற கடிதத்தை எழுத அங்கே இடம் ஏது? குறுஞ்செய்தி வேண்டுமென்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, வணிகக் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்பையும் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பான் அட்டை, ஜிஎஸ்டி சான்றிதழ், அதிகாரக் கடிதம் என்று மறுபடியும் காகிதம் திரட்ட வேண்டும், ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு சிறு கடைக்கு டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் பாட் போதும்: செலவில்லை, காகிதமில்லை, பத்து நிமிட வேலை. செய்தி பெற வேண்டியவர் ஒருமுறை பாட்டைத் திறந்து ஸ்டார்ட் அழுத்தியிருக்க வேண்டும். பாட் முதலில் பேச முடியாது.

8. இடம் வாங்கும்போது

பல நிறுவனங்களில் டிஸ்கைப் பெரிதாக்கலாம், திரும்பச் சிறிதாக்க முடியாது. சித்திரைக்காகப் பெரிதாக்கினால் ஆடியிலும் அதே வாடகை கொடுக்க வேண்டும். ஆகையால் தனியாக இணைத்துக் கழற்றக்கூடிய டிஸ்க் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். காட்டும் விலையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். கடையின் ஜிஎஸ்டி எண்ணை ரசீதில் ஏற்றிவிட்டால் வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். டாலரில் கட்டணம் வாங்குபவர்களிடம் வாங்கினால் வங்கியின் மாற்றுக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

பணம் கட்டிய பிறகும் ஸ்கிரிப்ட் பழைய எண்ணையே சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் வளர்ந்திருக்கும், பார்ட்டிஷனும் அதற்குள் உள்ள கோப்பு அமைப்பும் வளர்ந்திருக்காது. க்ரோபார்ட், அடுத்து ரீசைஸ்2எஃப்எஸ் என்ற இரண்டு கட்டளைகளையும் அந்த வரிசையில் ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. பொய்யாக நிரப்பிச் சோதியுங்கள்

எச்சரிக்கை உண்மையில் வருகிறதா என்று டிஸ்க் தானாக நிறையும் வரை காத்திருந்து பார்க்க முடியாது. ஃபாலோகேட் கட்டளையால் தேவையான ஜிபி அளவுக்கு ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கினால் நொடியில் இடம் பிடிக்கும், அடுத்த க்ரான் சுற்றில் செய்தி வர வேண்டும். டிரங்கேட் கட்டளையால் செய்தால் கோப்பு பெரிதாகத் தெரியுமே தவிர டிஸ்கில் இடம் பிடிக்காது. சோதனை தோற்றதாக எண்ணி நல்ல ஸ்கிரிப்டைத் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். வாடிக்கையாளர் எவரும் படம் ஏற்றாத நேரமாகப் பார்த்து, கொஞ்சமாவது இடம் விட்டு நிரப்புங்கள்.

முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். நான் ஒரு முறை 40 ஜிபி கோப்பை அழிக்க மறந்துவிட்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டேன். திருமங்கலம் தாண்டுவதற்குள் டெலிகிராமில் எட்டு செய்திகள் வந்திருந்தன.